முதலில் விதைக்கு, பிறகு கறிக்கு

அழிந்துவரும் பழைய இனம் என்று சொல்லி விற்ற இரண்டு சேவல்களை வாங்கியிருக்கிறீர்கள். ஒன்றை அறுத்து அன்றைக்கே சமைத்தீர்கள், மெல்லவே முடியவில்லை. மற்றொன்று உறைபெட்டியில் கிடக்கிறது. பழைய இனக் கறிக்கு ருசி அதிகம் என்பதெல்லாம் வெறும் பேச்சா, பத்துப் பெட்டையும் ஒரு சேவலும் வாங்கி நானே வளர்த்தால் தேறுமா, அதற்கும் மேலே, அழியப்போகிற இனத்தை அறுத்துத் தின்பது நியாயமா என்று கேட்கிறீர்கள். மூன்றாகக் கேட்டாலும் உள்ளே இருப்பது ஒரே கேள்வி என்று எனக்குப் படுகிறது: கறிக்காக வளர்ப்பதும் இனத்தைக் காப்பதும் ஒரே கொட்டகையில் நடக்குமா? நடக்கும். எதை அறுக்கிறோம், எப்போது அறுக்கிறோம் என்பதில் மட்டும் கறாராக இருக்கவேண்டும். நான் கால்நடை மருத்துவம் படித்தவன். இருபது வருடத்துக்கு மேலாகக் கோழியும் செம்மறியும் வளர்க்கிறேன். நடுவே சில வருடம் பன்றியும் வைத்திருந்தேன். மாடு வளர்த்ததில்லை, ஆகவே மாட்டைப் பற்றி இங்கே வருவது படிப்பில் தெரிந்துகொண்டதுதான்.

ருசியை முதலில் பார்த்துவிடலாம். உறுதியாகச் சொல்லக்கூடிய காரணம் வயது. இன்றைய பிராய்லர் ஆறு ஏழு வாரத்தில் இரண்டு, இரண்டரைக் கிலோவைத் தொட்டுவிடுகிறது. அதே ஆறாவது வாரத்தில் பழைய இனக் குஞ்சு அரைக்கிலோவைச் சுற்றித்தான் நிற்கும். இறக்கையும் வாலும் முளைத்து, உடம்பு இன்னும் எலும்பாகவே இருக்கும். அது கறிக்குத் தேற நான்கு மாதம், ஆறு மாதம் ஆகும். அந்த மாதங்களில் அது நடக்கிறது, கிளறுகிறது, பறந்து ஏறுகிறது. தசைக்குச் சிவப்பு நிறம் தரும் மயோகுளோபின் கூடுகிறது, தசையைச் சுற்றியுள்ள சவ்வு முற்றுகிறது, கொழுப்பு நிதானமாக இறங்குகிறது. 'கறிக்கு ஒரு வாசம் இருந்தது' என்று சொல்கிறோமே, அதில் பெரும்பகுதி இந்த மாதங்களின் வேலை. பிராய்லரை ஆறு மாதம் வைத்திருந்தால் அதே ருசி வராதா என்று கேட்கலாம். பல பறவைகள் அதுவரை தாங்குவதே இல்லை. உடல் எடை காலையும் இதயத்தையும் முந்திவிடுகிறது. ஆக, இனம் தருகிற முதல் நன்மை ருசியே இல்லை. ருசி ஏறுகிற வயது வரை நோய்நொடி இல்லாமல் நடமாடும் உடம்பைத் தருகிறது. பிரான்சின் பிரெஸ் கோழிக்கு 1957-இல் சட்டப் பாதுகாப்பு கொடுத்தார்கள். இனம் எது என்பதோடு அவர்கள் நிற்கவில்லை. ஏறக்குறைய நான்கு மாத வயது, ஒரு பறவைக்குப் பத்துச் சதுர மீட்டர் புல்வெளி என்று வளர்ப்பு முறையையும் சேர்த்தே விதியாக்கினார்கள்.

உங்கள் சேவல் ரப்பரானதற்கும் இந்த வயதுதான் காரணம், கூடவே அவசரம். அறுத்த கொஞ்ச நேரத்தில் தசை விறைக்கும். உயிரோடு இருக்கையில் ஏறக்குறைய 7 என்று இருந்த அமில காரக் குறியீடு (pH), தசையில் சேர்த்துவைத்த சர்க்கரை லாக்டிக் அமிலமாக மாற மாற 5.5, 5.8 வரை இறங்கும். பிறகு தசையின் சொந்த நொதிகளே நார்களை அறுத்து இளக்கும். விறைத்து நிற்கிற அந்த நேரத்தில் அடுப்பில் ஏற்றினால் எந்த இனமானாலும் கடிபடாது. எலும்பிலிருந்து பிரித்துத் துண்டு போட்டிருந்தால் இன்னும் மோசம், பிடிமானம் இல்லாத தசை சுருண்டுகொள்ளும். முழுப்பறவையாக மூடி 4 டிகிரிக்குக் கீழே ஒரு நாள், வயதான சேவல் என்றால் இரண்டு நாள் வைத்தாலே பாதிப் பிரச்சினை தீரும். அறுப்பதற்கு முன்பும் ஒன்று கவனியுங்கள். பழைய இனங்கள் ஓட்டத்தில் கெட்டி. முற்றம் முழுக்கத் துரத்திப் பிடித்தால் தசையில் இருந்த சர்க்கரை ஓட்டத்திலேயே தீர்ந்துபோகும். அமிலம் போதிய அளவு சேராமல் கறி கருத்து, வறண்டு, சீக்கிரம் கெடும். நான் இருட்டிய பிறகு போவேன். பரண்மேல் உட்கார்ந்து தலையை இறக்கைக்குள் செருகியிருக்கும் பறவையை இரண்டு கையாலும் இறக்கையோடு சேர்த்து அணைத்துத் தூக்கினால் ஒரு முனகலோடு சரி. கூண்டில் வைத்துத் தண்ணீர் மட்டும் கொடுத்து விடியற்காலையில் அறுப்பேன்.

இனத்துக்கே உரிய ருசி என்று ஒன்று உண்டா என்றால், உண்டு, ஆனால் பேசுகிற அளவுக்கு இல்லை. பெர்க்‌ஷயர், டியூராக் போன்ற பன்றிகளில் தசைக்குள்ளே ஓடும் கொழுப்பு மற்றவற்றைவிட அதிகம். இது பல முறை அளந்து பார்த்த விஷயம். செம்மறிக் கறியின் தனி வாசனை கிளைச் சங்கிலிக் கொழுப்பு அமிலங்களிலிருந்து வருகிறது, அதன் அளவு வயதையும் தீனியையும் பொறுத்து மாறும். இதைத் தாண்டி ஒரே வயதில், ஒரே தீனியில் வளர்த்த இரண்டு இனங்களைக் கண்ணைக் கட்டிக்கொண்டு தின்றால் நானே திணறுவேன். தீனியின் கை மிக நீளம். கோழியும் பன்றியும் தின்ற கொழுப்பை ஏறக்குறைய அப்படியே தம் உடம்பில் படியவைக்கின்றன; அசைபோடும் பிராணிகளில் இரைப்பை நுண்ணுயிர்கள் நடுவில் புகுந்து அதை மாற்றிவிடுகின்றன. ஒருமுறை இலவசமாகக் கிடைத்ததே என்று மீன்கழிவை வேகவைத்துச் சேவல்களுக்கு இரண்டு மாதம் போட்டேன். பார்க்க மினுமினுவென்று இருந்தன. அறுத்து வேகவைத்த அன்று வீடெல்லாம் மீன் வாசம். குழந்தைகள் தட்டைத் தள்ளிவிட்டார்கள். அவை சுத்தமான பழைய இனம்தான். ஆகவே 'அரிய இனம்' என்ற சொல்லை மட்டும் நம்பிக் கூடுதல் பணம் கொடுக்காதீர்கள். வயது என்ன, கடைசி ஒரு மாதம் என்ன தின்றது, எப்போது அறுத்தது என்று கேளுங்கள். ஓர் இனம் அரிதாகிப் போனதற்கும் அதன் கறி ருசியாக இருப்பதற்கும் நேர்ச் சம்பந்தம் எதுவும் கிடையாது. கம்பளிக்காகவும் பாலுக்காகவும் உழவுக்காகவும் உருவான இனங்களும் அரிய இனப் பட்டியலில் இருக்கின்றன.

மருத்துவ குணம் பற்றிய பேச்சுகளை நான் சந்தேகத்தோடுதான் பார்க்கிறேன். சில்கி, ஆயம் செமானி, கடக்நாத் எல்லாவற்றிலும் தோல் முதல் எலும்புவரை கறுப்பது ஒரே மரபணுப் பகுதியில் நடந்த மாற்றத்தால், மெலனின் என்ற கறுப்பு நிறமி தேவைக்கு மேல் பரவுவதால். அந்தக் கறுப்பு நோயைத் தீர்க்கும் என்பதற்கு மனிதர்களிடம் செய்த உறுதியான சோதனை எதையும் நான் பார்த்ததில்லை. 'பழைய இனத்துக்கு நோயே வராது' என்பதும் பாதிதான் சரி. குறிப்பிட்ட இனம், குறிப்பிட்ட நோய் என்று வந்தால் ஆதாரம் இருக்கிறது: மேற்கு ஆப்பிரிக்காவின் ந்'டாமா மாடு செட்சி ஈ பரப்பும் டிரிபனசோம் என்ற இரத்த ஒட்டுண்ணி நோயைத் தாங்குகிறது, கிழக்கு ஆப்பிரிக்காவின் சிவப்பு மாசாய் செம்மறி குடற்புழுவைச் சமாளிக்கிறது. ஆனால் வெள்ளைக்கழிச்சல் புகுந்தால் தடுப்பூசி போடாத எந்தக் கொட்டகையும் காலியாகும். பழைய இனம் என்று தடுப்பூசியை விட்டுவிட்டு வந்து நின்றவர்களை எத்தனையோ பேரைப் பார்த்துவிட்டேன்.

இந்த இனங்கள் ஏன் குறைந்தன என்பது தெரிந்தால் உங்கள் மூன்றாவது கேள்விக்குப் பாதி விடை கிடைத்துவிடும். அமெரிக்காவில் 'நாளைய கோழி' என்று ஒரு போட்டி வைத்து 1948-இல் இறுதிச் சுற்று நடத்தினார்கள். அகன்ற நெஞ்சு, வேகமான வளர்ச்சி இவைதாம் அளவுகோல். அங்கிருந்து கோழிக்கறி சில கலப்பினங்களின் கைக்குப் போனது. பிரிட்டனில் அரசு அமைத்த ஹோவிட் குழு 1955-இல், பன்றி வளர்ப்போர் லார்ஜ் ஒயிட், லேண்ட்ரேஸ், வெல்ஷ் என்ற மூன்று இனங்களோடு நிறுத்திக்கொள்ளலாம் என்று பரிந்துரைத்தது. தாவர எண்ணெய் மலிவானதும் பன்றிக்கொழுப்புக்குக் கேட்பவர் இல்லை; கொழுத்த இனங்களுக்கு வேலை போனது. சுருட்டை மயிர் கொண்ட லிங்கன்‌ஷயர் பன்றி 1970-களின் தொடக்கத்தில் ஒன்றுகூட மிச்சமில்லாமல் போயிற்று. அதன் தூரத்துச் சொந்தம் போலவே தோற்றம் கொண்ட ஹங்கேரியின் மங்கலிட்சா 1991-இல் 200-க்கும் குறைவாக வந்து நின்றது. அதை மீட்டது உயிரியல் பூங்கா இல்லை. ஸ்பெயினில் பதப்படுத்திய தொடைக்கறி செய்கிறவர்களுக்கு அந்தக் கொழுப்பு தேவைப்பட்டது. வாங்க ஆள் வந்ததும் வளர்க்க ஆள் வந்தார்கள். வான்கோழியிலும் இதே கதைதான். கடைக்கு வரும் அகன்ற நெஞ்சு வான்கோழியால் இயற்கையாக இணைசேரக்கூட முடியாது, செயற்கைக் கருவூட்டல்தான். தானாக இணைசேரும் பழைய வகைகள் அமெரிக்காவில் 1997 கணக்கெடுப்பில் எல்லாம் சேர்த்துச் சுமார் 1,300 இனப்பெருக்கப் பறவைகளே இருந்தன. விருந்துக்கு அவற்றைத் தேடி வாங்கத் தொடங்கிய பிறகே எண்ணிக்கை ஏறியது.

ஆகவே தின்பது நியாயமா என்றால், எனக்கு அதில் குற்ற உணர்வு இல்லை. கணக்கைப் பாருங்கள். உங்கள் பத்துப் பெட்டையும் அடையில் உட்கார்ந்து ஒரு வருடத்தில் 60 குஞ்சு தேறினால் பாதிக்குப் பாதி, 30 சேவல். அடுத்த தலைமுறைக்கு நான்கைந்து போதும். மீதி 25 சேவலைச் சாகும்வரை தீனி போட்டு வைத்திருக்க எந்த வளர்ப்பாளராலும் முடியாது. வைத்தாலும் ஒன்றையொன்று கொத்திக் கொல்லும். நாம் தின்பது அந்த மிச்சத்தை. விதைநெல்லை எடுத்துவைத்தபின் குதிரில் இருப்பதைப் பொங்குவது போல.

எங்கே தவறுவோம் என்றால், விதைநெல்லை எடுத்துவைக்கிற அந்த இடத்தில்தான். நானும் தவறினேன். முதல் நான்கைந்து வருடம், விருந்தாளி வந்தால் கொட்டகையில் இருப்பதிலேயே முந்தி வளர்ந்த, மார்பு திரண்ட சேவலைப் பிடித்து அறுப்பேன். மனம் இயல்பாக அதற்குத்தான் போகும். நோஞ்சானை அறுத்து யாருக்குப் பரிமாறுவது? பிந்தி வளர்ந்தவை, ஒல்லியானவை, பிடிபடாமல் ஓடியவை எல்லாம் தப்பித்துப் பெட்டைகளோடு சேர்ந்தன. நான்காவது தலைமுறையில் ஒருநாள் தராசில் வைத்தபோது ஐந்து மாதச் சேவல் ஒன்றரைக் கிலோவைத் தாண்டவில்லை. அவற்றின் கொள்ளுத்தாத்தன் அதே வயதில் இரண்டேகால் இருந்ததை நோட்டில் எழுதிவைத்திருந்தேன். இனம் மோசம் என்று முதலில் விற்றவரைத் திட்டினேன். அப்புறம் நோட்டைப் புரட்டியதும் புரிந்தது, நல்லதையெல்லாம் நானே தின்று தீர்த்திருக்கிறேன். இப்போது எட்டாவது வாரமும் பதினாறாவது வாரமும் ஒவ்வொன்றாக எடை போடுகிறேன். காலெலும்பு நேராக இருக்கிறதா, நெஞ்செலும்பு கோணாமல் இருக்கிறதா, கையில் பிடித்தால் நிதானமாக இருக்கிறதா என்று பார்த்து, தேறியதற்குக் காலில் சிவப்பு வளையம். வளையம் போட்டது யார் வந்தாலும் சட்டிக்குப் போகாது. விருந்துக்கு மூன்றாம் தரம்தான். அதுவும் பக்குவமாகச் செய்தால் யாரும் கண்டுபிடிப்பதில்லை.

உங்கள் திட்டத்தில் எனக்கு உடன்பாடு இல்லாத ஒரே இடம், 'ஒரு சேவல்'. இனவிருத்தியில் தலைக்கணக்கு ஏமாற்றும். ஆண், பெண் எண்ணிக்கையைப் பெருக்கி, நான்கால் பெருக்கி, மொத்த எண்ணிக்கையால் வகுத்தால் வருவதே உண்மையில் மரபணு தருகிற எண்ணிக்கை. ஒரு சேவல் பத்துப் பெட்டை என்றால் 40-ஐ 11-ஆல் வகுக்க, நான்குகூட வரவில்லை. பதினோரு பறவை இருந்தும் மரபணுக் கணக்கில் நான்கு பறவைக்குச் சமம். உள் இனச்சேர்க்கை, அதாவது நெருங்கிய சொந்தத்துக்குள்ளேயே சேர்வது, ஒவ்வொரு தலைமுறையும் 13, 14 சதவீதம் ஏறும். மூன்று தலைமுறையில் முட்டை பொரிவது குறையும், கோணல் அலகு, வளைந்த விரல் என்று தலைகாட்டும். அதே பத்துப் பெட்டைக்கு நான்கு சேவல் என்றால் 11-ஐத் தாண்டுகிறது. ஐ.நா. உணவு வேளாண் அமைப்பின் வழிகாட்டுதல் 50-க்குக் குறையக்கூடாது என்கிறது, அதை ஒற்றை வீட்டால் எட்டவே முடியாது. நான்கு சேவலையும் ஒன்றாக விட்டுவிடாதீர்கள். பெட்டைகளின் முதுகில் ஓர் இறகு மிஞ்சாது. தனித்தனிக் கூண்டு, இரண்டு வாரத்துக்கு ஒன்றாக உள்ளே விடுவது, ஒவ்வொன்றின் குஞ்சிலிருந்தும் சம அளவில் எடுத்துவைப்பது. இன்னும் நல்லது, அதே இனம் வைத்திருக்கும் மூன்று வீடுகள் சேர்வது: பெட்டைகள் அந்தந்த வீட்டிலேயே இருக்கும், இளஞ்சேவல்கள் மட்டும் வருடத்துக்கு ஒருமுறை முதல் வீட்டிலிருந்து இரண்டாம் வீட்டுக்கு, அங்கிருந்து மூன்றாவதற்கு, மூன்றாவதிலிருந்து முதலாவதற்கு என்று சுற்றிவரும்.

எடை கூடட்டும் என்று வேகமாக வளரும் இனத்தோடு கலக்கச் சொல்லி யோசனை வரும். கறிக்காகக் கலக்கலாம், முதல் கலப்பு நன்றாகவே வளரும். ஆனால் கலப்பில் பிறந்தது ஒன்றுவிடாமல் கறிக்கே போகவேண்டும். அதில் ஒரு பெட்டை அழகாக இருக்கிறதே என்று கூட்டத்தில் விட்டால் பத்து வருடத்தில் பெயர் மட்டும் மிஞ்சும்.

கோழியைத் தாண்டிப் போக நினைத்தால், இனத்தோடு அதன் இடமும் தீனியும் ஒட்டிக்கொண்டு வரும் என்பதை நினைவில் வையுங்கள். ஸ்காட்லாந்தின் ஆர்க்னி தீவுகளில் நார்த் ரொனால்ட்சே என்று ஒரு செம்மறி. 1832-இல் புல்லைக் காக்கத் தீவைச் சுற்றிக் கல்சுவர் எழுப்பி இவற்றைக் கடற்கரைப் பக்கம் தள்ளிவிட்டார்கள். கடற்பாசியே பிரதான உணவாயிற்று. பாசியிலிருந்து கிடைக்கும் தாமிரம் சொற்பம் என்பதால் அதைத் துளி விடாமல் உறிஞ்சும் உடம்பு அவற்றுக்கு. அதே ஆட்டைச் சாதாரண மேய்ச்சலுக்கு மாற்றினால் தாமிரம் ஈரலில் சேர்ந்து நஞ்சாகிவிடும். பொதுவாகவே செம்மறிக்குத் தாமிரம் ஆகாது; மாட்டுக்கான தாது உப்புக் கலவையை ஆட்டுக்குப் போடாதீர்கள். குட்டையான டெக்ஸ்டர் மாட்டில் குள்ளத்தன்மைக்கான மரபணு தாய், தகப்பன் இரண்டு பக்கமும் இருந்தால் நான்கில் ஒரு கன்று உருக்குலைந்து இறந்தே பிறக்கும். மரபணுச் சோதனைத் தாள் இல்லாமல் வாங்கக்கூடாது. பன்றியில் பருவம் வந்த ஆணின் கொழுப்பில் ஒரு வீச்சம் ஏறும், மெதுவாக வளரும் இனத்தைப் பருவம் தாண்டி வைத்திருக்கவேண்டி வரும் என்பதால் காயடிப்பதா என்று குட்டியிலேயே முடிவெடுத்துவிடுங்கள்.

தேறுமா என்றால், பிராய்லரோடு எடைக்கு எடை போட்டியிட்டால் தேறாது. அது ஒரு கிலோ ஏற இரண்டு கிலோவுக்கும் குறைவான தீவனம் போதும்; உங்கள் பறவைக்கு மூன்றரை, நான்கு, சிலசமயம் அதற்கு மேலும் ஆகும். மேய்ச்சல் இடம், சமையலறை மிச்சம், முட்டை, கூப்பிட்டுக் கேட்டு வாங்கும் நாலு வீடு, இவை இருந்தால் கைக்காசு போகாது. முதல் வருடமே லாபம் என்று யாராவது குஞ்சு விற்க வந்தால் அவருக்கு லாபம் குஞ்சில்தான்.

இனி அந்த உறைபெட்டிச் சேவல். அறுத்த கையோடு உறையவைத்திருப்பீர்கள் என்று நினைக்கிறேன். அப்படியானால் விறைப்பு இன்னும் உள்ளேயே இருக்கிறது. வெளியே வைத்து அவசரமாக இளக்காமல் குளிர்பெட்டியின் கீழ்த்தட்டில் முழுசாக இரண்டு நாள் விடுங்கள். காலைத் தூக்கினால் மூட்டு எளிதாக மடங்கவேண்டும், அதுதான் அடையாளம். நெஞ்சுக்கறியைத் தனியே எடுத்துவிடுங்கள், அதற்கு இவ்வளவு நேரம் தேவையில்லை. தொடை, முதுகு, கழுத்து, பாதம் எல்லாவற்றையும் தண்ணீரில் போட்டு, கொதிக்கவிடாமல் ஓரத்தில் மட்டும் குமிழி வருகிற சூட்டில் இரண்டரை, மூன்று மணி நேரம் வையுங்கள். முதல் ஒரு மணி நேரத்தில் கறி இன்னும் கெட்டியாகும். அங்கேதான் எல்லாரும் பயந்து இறக்கிவிடுகிறார்கள். சவ்வு ஜெலட்டினாகக் கரையத் தொடங்குவதே அதற்குப் பிறகு. உப்பைக் கடைசியில் பார்த்துப் போடுங்கள், சாறு வற்றிக் கெட்டிப்படும். ஆறவைத்தால் கிண்ணத்தில் கட்டியாக உறையும், மேலே விரற்கடை அளவு மஞ்சள் கொழுப்பு நிற்கும். அதை வழித்து எடுத்துவையுங்கள், நெஞ்சுக்கறியை வதக்க அதுவே போதும்.